அம்மாள் வந்த வீடு

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக ஏறி இறங்கியவன் நான். இன்றைக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மையைப் பற்றிப் பேசுகிறேன்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பு சிவந்து பொரிந்தால் 'அம்மாள் போட்டிருக்கு' என்போம். வாசலில் வேப்பிலை செருகுவோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளையைத் தனியே வைப்பது நல்லதுதான். வெளியே சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். சின்னமுத்து, உடம்பு பொரிவதற்கு நாலு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். அந்த நாலு நாளும் பிள்ளை எங்கே இருந்தது? தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை ஒன்றாக விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில்! ஒருமுறை தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரே லயத்தில் ஐந்து வாசல்களில் வேப்பிலை தொங்கியது.

அப்புறம், சொன்னால் என்ன நடக்கும்? வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார். சந்தேகம் இருந்தாலே போதும், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதகர் வீடு தேடி வருவார். வாரக் கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும்.

அந்தக் கணக்கு வெறும் காகிதம் இல்லை. 2011இல் சின்னமுத்துக்கான முதல் தடுப்பூசியை ஒரு வயதுக்குத் தள்ளி வைத்தார்கள். 2013இல் நோய் பரவியபோது, ஒரு வயது நிறையாத குழந்தைகள் பலர் அதில் அகப்பட்டது கணக்கில் தெரிந்தது. 2015இல் ஊசியை மறுபடி ஒன்பதாம் மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கோ ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் அந்த மாற்றம் வந்தது.

2019இல் நாடு சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் 2023இல் அது திரும்பி வந்தது.

ஒன்பது மாதத்தில் ஒன்று, மூன்று வயதில் இன்னொன்று, இந்த இரண்டு ஊசியும் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் பதிவாகியிருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். தவறியிருந்தால் மருத்துவமாதுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போனால் பேர், அதாவது அன்றைய கூலிக்கான பதிவு, போய்விடுமே என்று கொழுந்து மலைக்கு ஓடுகிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். தோட்டத் துரைமார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த அரை நாளுக்குப் பேரை வெட்டாதீர்கள், ஐயா.