நிறுத்தச் சொல்ல ஓர் ஆள்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டில் வன்முறை எதுவரை நியாயம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேராசிரியரும் இல்லை, வக்கீலும் இல்லை. பெங்களூரில் கால்பந்து ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக நின்று, தமிழிலும் கன்னடத்திலும் திட்டு வாங்கியவன். உருதுவிலும் வாங்கியிருக்கிறேன், அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆகவே மைதானத்தின் நடுவில் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதைத்தான் சொல்ல முடியும்.

அல்சூர் பக்கம் கௌதமபுராவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு அங்கே பெலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி. உலகக் கோப்பை வந்துவிட்டால் பிரேசில் கொடி பறக்கும். அந்தச் சிலையைப் பார்க்கிறவர்களுக்கு 1970-ல் பெலே கோப்பை வென்றது நினைவுக்கு வரும். ரெஃப்ரி புத்தி, எனக்கு 1966 நினைவுக்கு வரும்.

அந்த வருஷம் இங்கிலாந்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே பல்கேரியாக்காரர்கள் பெலேவை உதைத்து உதைத்து, அடுத்த ஆட்டத்தில் அவர் உட்கார வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆட்டம் போர்ச்சுகலோடு. மொராயிஸ் என்ற தடுப்பாட்டக்காரர் ஒரே ஓட்டத்தில் பெலேவை இரண்டு முறை வெட்டிச் சாய்த்தார். ரெஃப்ரி அவரை வெளியே அனுப்பவில்லை. மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே அன்றைக்கு உலகக் கோப்பையில் கிடையாது. பெலே நொண்டிக்கொண்டே ஆடினார், பிரேசில் 3–1 என்று தோற்றுப் போட்டியைவிட்டு வெளியேறியது. இனி உலகக் கோப்பையில் ஆடப்போவதில்லை என்றுகூட அப்போது சொன்னார்.

அடுத்த உலகக் கோப்பைக்குள் இரண்டு விஷயம் வந்துவிட்டன. ஒன்று, மாற்று ஆட்டக்காரர். இன்னொன்று, மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும். அட்டை யோசனை கென் ஆஸ்டன் என்ற ஆங்கில ரெஃப்ரியுடையது. லண்டனில் காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்துத் தோன்றியதாம். பாவம், அந்த மனுஷர் பட்டதும் கொஞ்சம் இல்லை. 1962-ல் சாண்டியாகோவில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். ஆட்டம் முடிவதற்குள் போலீஸ் பலமுறை மைதானத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது.

1970-ல் பெலேவின் காலைக் காப்பாற்றியதில் எதிராளியின் மனசாட்சிக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது ஆள் ஒருவரின் சட்டைப் பையில் ஓர் அட்டை இருந்தது, அதற்குப் பங்கு உண்டு. தெருச் சண்டையிலும் அடி விழுகிறது, குத்துச்சண்டை மேடையிலும் அடி விழுகிறது. மேடையில் மட்டும் "போதும்" என்று சொல்ல ஓர் ஆள் நிற்கிறார். அந்த ஆள் சொன்னால் எல்லோரும் கேட்டே ஆகவேண்டும். வன்முறைக்கு எல்லை எது என்று என்னைக் கேட்டால், அந்த ஆள் உண்மையாகவே நிறுத்தக்கூடியவரா என்று திருப்பிக் கேட்பேன்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும். "அடிபடும் என்று தெரிந்துதானே சார் வருகிறார்கள்? பணமும் வாங்குகிறார்கள். நமக்கென்ன?" சட்டமும் ஓரளவு அப்படித்தான் சொல்கிறது. நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் இதற்கு வாள் விளையாட்டையே உதாரணமாக வைத்திருந்தார்கள். இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள் வீசி விளையாடச் சம்மதிக்கிறார்கள். ஆட்டம் நேர்மையாக நடக்கும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் குற்றமில்லை. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே விதி 25-ஆவது பிரிவாக இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு வேலி. சம்மதிப்பவருக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும். உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்று தெரிந்து செய்த செயலுக்கு இந்தச் சலுகை கிடையாது. எலும்பு முறிவும் பல் உடைவும் சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம்தான். தலையைக் குறிவைத்து, மயங்கி விழும்வரை அடிப்பதே வெற்றி என்று வைத்திருக்கும் விளையாட்டை இந்த வேலிக்கு எந்தப் பக்கம் நிறுத்துவது? வக்கீல்கள் வாதாடட்டும். எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு.

சம்மதம் கொடுத்தது எது? மூளை. அடி வாங்கியது எது? அதே மூளை. அடிபட்ட பிறகு அந்தச் சம்மதம் செல்லுமா?

2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ரியோவில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்குப் பதினேழாவது நிமிடத்தில் தலையில் பலமான மோதல். எழுந்து ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து ரெஃப்ரி நிக்கோலா ரிஸோலியிடம் போய், "இது ஃபைனல்தானே?" என்று கேட்டார். ரிஸோலி முதலில் தமாஷ் என்று நினைத்தார். மறுபடியும் கேட்டதும் விஷயம் புரிந்துபோய், ஜெர்மனியின் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். 31-ஆவது நிமிடத்தில் கிராமரை வெளியே அழைத்தார்கள். உலகமே பார்க்கும் ஆட்டம். தான் எந்த ஆட்டத்தில் ஆடுகிறோம் என்றே தெரியாத ஒருவர், பதினான்கு நிமிடம் அதில் ஓடியிருக்கிறார். "ஆட முடியுமா?" என்று அவரிடம் கேட்டிருந்தால் "முடியும்" என்றுதான் சொல்லியிருப்பார். எல்லா ஆட்டக்காரரும் அப்படித்தான் சொல்வார்கள். காலில் வலி என்றால் உட்கார்ந்துவிடுவார்கள், தலை என்றால் எழுந்துவிடுவார்கள்.

கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானம். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டு அவர் சாய்ந்தார். பரிசோதனை முடிந்து, அன்றைக்கே திரும்பி வந்து ஆடினார். கைதட்டல் பறந்தது. மறுநாள்தான் மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தெரிந்தன. அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்த விதிப்படி அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். 2014-ல் ஃபிலிப் ஹியூஸ் பவுன்சர் பட்டு இறந்துபோகாமல் இருந்திருந்தால் இந்த விதி எப்போது வந்திருக்குமோ.

குத்துச்சண்டைக்கு வருகிறேன். வடசென்னையில் பரம்பரை பரம்பரையாக இந்தக் கலையைக் கட்டிக் காத்தவர்கள் நம்மவர்கள், ஆகவே மட்டமாகப் பேச மாட்டேன். ஆனால் தயக்கம் இருக்கிறது. 1962 மார்ச், நியூயார்க். பென்னி பாரெட்டும் எமில் கிரிஃபித்தும் பட்டத்துக்காக மோதினார்கள். பன்னிரண்டாவது சுற்றில் பாரெட் மூலையில் சிக்கிக்கொண்டார். கீழே விழவும் இடமில்லை, கையைத் தூக்கவும் தெம்பில்லை. அடி மேல் அடி. ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டைன் இடையே புகுந்தபோது காலம் கடந்துவிட்டது. பத்து நாளில் பாரெட் இறந்தார். ஆனால் அந்த ஒரு ரெஃப்ரியை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் ஜீன் ஃபுல்மரிடம் பாரெட் பலமாக அடிவாங்கித் தோற்றிருந்தார். அவரை மறுபடி மேடையேற அனுமதித்தார்களே, அங்கேயே ஒருவர் தடுத்திருக்க வேண்டும்.

1982-ல் லாஸ் வேகாஸில் கொரியாவின் டுக் கூ கிம், ரே மான்சினியோடு மோதி, பதினான்காவது சுற்றில் விழுந்தார், சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகே உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளைப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது.

நல்லதும் ஒன்று சொல்லவேண்டும். 1975 அக்டோபர், மணிலா அருகே முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும். பதினான்கு சுற்று முடிந்திருந்தது. ஃபிரேசியரின் கண் வீங்கி மூடிக்கிடந்தது, வருகிற குத்து தெரியாது. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்தச் சொன்னார். ஃபிரேசியர் வேண்டாம், விடுங்கள் என்று மன்றாடினார். ஃபட்ச் மசியவில்லை. இன்னும் மூன்றே நிமிடம், உலகப் பட்டம், எதிரே அலியும் களைத்துப்போய் இருக்கிறார். எந்தப் பயிற்சியாளருக்கும் ஆசை வரும் நேரம். தன் ஆள் தோற்கட்டும், உயிரோடு வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவெடுத்தார் அந்த மனுஷர். அலி–ஃபிரேசியர் பேச்சு வந்தால் நான் முதலில் எடுப்பது எடி ஃபட்ச் பெயரைத்தான்.

நிறுத்த வேண்டியவர்களே நின்று வேடிக்கை பார்க்கும் விளையாட்டும் உண்டு. வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்திக்கொண்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. யாராவது விழும்வரை நடுவர்கள் பெரும்பாலும் காத்திருப்பார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்தும். என் மனசு இதை ஒப்பவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வாருங்கள். 1976-ல் மேற்கிந்தியத் தீவுகளில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ரன் இலக்கைத் துரத்தி வென்றது. அந்த அவமானத்தோடு அவர்கள் கேப்டன் கிளைவ் லாயிட் அடுத்த டெஸ்டுக்குக் கிங்ஸ்டன் வந்தார், வேகப் பந்து வீச்சாளர்களோடு. ஒருபக்கம் துள்ளும் ஆடுகளம். மைக்கேல் ஹோல்டிங் பந்து தலைக்கும் மார்புக்கும் வருகிறது. 81 ரன் எடுத்திருந்த அன்ஷுமன் கெய்க்வாட்டுக்குக் காதில் அடி. நம் பெங்களூர் விஸ்வநாத்துக்கு விரல் முறிந்தது. கர்நாடகத்தின் பிரிஜேஷ் படேலுக்கு வாய் கிழிந்தது. ஹெல்மெட் இல்லாத காலம். நம் கேப்டன் பேடி 306-க்கு ஆறு விக்கெட் என்ற நிலையில் ஆட்டத்தை டிக்ளேர் செய்தார். இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் போனதும் 97 ரன்னில் கணக்கு முடிந்தது, மீதி ஐந்து பேர் காயம். அதில் ஃபீல்டிங்கில் கை புண்ணான பேடியும் நம் சந்திரசேகரும் அடக்கம்.

ஆளை மிரட்டுவதற்காகவே குத்திப் போடும் பந்தைத் தடுக்கும் அதிகாரம் நடுவருக்கு அன்றைக்கே இருந்தது. ஆளின் உடம்பைக் குறிவைத்தே பந்து வீசிய 1932–33 பாடிலைன் தொடருக்குப் பிறகு வந்த அதிகாரம் அது. ஆனாலும் கிங்ஸ்டனில் நிற்கவில்லை. நடுவர்கள் இருவரும் மேற்கிந்தியர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்க் கூட்டம் கொதிக்கும்போது உள்ளூர்க்காரர் கையைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டெஸ்டில் இரு நடுவரும் மூன்றாம் நாட்டவராக இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு 2002-ல்தான் வந்தது. ஓவருக்கு இத்தனை பவுன்சர் என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் விதி 1991-ல் வந்தது. எண்ணிக்கை வந்தபிறகு நடுவருக்குத் துணிச்சல் தேவையில்லை, விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். நல்ல விதி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

"வேண்டுமென்றே செய்தானா" என்ற விசாரணையில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2001-ல் மான்செஸ்டரில் கால்பந்தாட்டக்காரர் ராய் கீன், எதிரணி ஆட்டக்காரர் ஹாலண்டின் முழங்காலில் பாய்ந்தார். சிவப்பு அட்டை, மூன்று ஆட்டத் தடை. மறு வருஷம் தன் சுயசரிதையில் அது பழிவாங்கல் என்ற தோரணையில் எழுதினார். இன்னும் ஐந்து ஆட்டத் தடை, ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதம். முழங்காலில் பட்ட அடி இரண்டு வருஷத்திலும் ஒன்றுதான். ரெஃப்ரிக்குக் கால் தெரியும், மனசு தெரியாது. ஆகவேதான் இன்றைய கால்பந்து விதி, எதிராளிக்கு ஆபத்து விளைந்ததா, பலம் அளவு மீறியதா என்று பார்க்கிறது.

கடைசியாகப் பணம். அமெரிக்காவில் ஹெல்மெட் போட்டு முட்டிமோதி ஆடுவார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்தின் லீக் 1994-ல் தலைக்காயங்களை ஆராய ஒரு குழு போட்டது. தலைவர் யார் தெரியுமா? மூட்டுவாத நோய் மருத்துவர். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் டாக்டரும் அவரே. இறந்துபோன ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் கண்ட சேதத்தை நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு 2005-ல் வெளியிட்டபோது, அதைத் திரும்பப் பெறச் சொல்லி அந்தக் குழுவினர் எழுதினார்கள். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அது. அணிச் சம்பளம் வாங்காத நரம்பியல் நிபுணர்களை மைதான ஓரத்தில் நிறுத்துவது பிறகுதான் வந்தது.

இதெல்லாம் எங்கோ கடல் தாண்டி நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் இதே பெங்களூரில் ஒரு கிக்பாக்ஸிங் போட்டியில் அடிபட்டு விழுந்த மைசூர் இளைஞர் இறந்துபோனார். ஏற்பாட்டாளர்கள் அலட்சியமாக இருந்ததாகத் தந்தை போலீசில் புகார் கொடுத்தார். அது தொழில்முறைப் போட்டிகூட இல்லை.

இன்றைக்கு ஒவ்வொரு லேஅவுட்டிலும் மாடியில் கிக்பாக்ஸிங், எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டைக் கலை வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்கிற அப்பா அம்மா என்னிடம் வந்து, "சேர்க்கலாமா சார்?" என்கிறார்கள். சேர்க்கலாம். அடி வாங்கத் தெரிவதும் ஒரு படிப்புதான். போட்டிக்கு அனுப்பும்போது ஒரு படிவம் நீட்டுவார்கள், எந்த அசம்பாவிதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். மேடை ஓரத்தில் டாக்டர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்குமா, அந்த டாக்டர் "போதும்" என்றால் ஏற்பாட்டாளர் மறுபேச்சுப் பேச முடியுமா? பயிற்சியாளரிடம் தனியாக இன்னொன்றும் கேளுங்கள், ஜெயிக்கிற நிலையில் இருந்த மாணவனை அவர் எப்போதாவது பாதியில் இறக்கியிருக்கிறாரா என்று. பதில் வர நேரமானால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வணக்கம்.