30 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை: ஹைட்ரஜன் வரைபடத்துக்குக் குறுக்கே நிற்பது எது?

[திரையில்: பள்ளத்தாக்கில் வடக்கு தெற்காகக் கிடக்கும் நான்கு பெரிய கம்பிவலைத் தொட்டிகள்]

கனடாவில், பென்டிக்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சைம் (CHIME) ரேடியோ தொலைநோக்கி இது. ஒவ்வொரு உருளையும் 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். எதுவும் திரும்பாது, அசையாது. பூமி சுழல்வதால் வானமே இதன் தலைக்கு மேல் நகர்ந்து போகிறது. ஒரே நாளில் வடக்கு வானம் முழுக்கப் பதிவாகிவிடும்.

ஊட்டி முத்தோரையில் உள்ள 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானதுதான். அதுவும் பரவளைய உருளை. ஆனால் அது மலைச்சரிவில், பூமியின் அச்சுக்கு இணையாக, சுழலும்படி கட்டப்பட்டது.

[திரையில்: புரோட்டான், எலக்ட்ரான், சுழற்சி புரளும் அனிமேஷன்]

சைம் தேடுவது நடுநிலை ஹைட்ரஜன். அணுவில் எலக்ட்ரானின் சுழற்சி புரளும்போது 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், ரேடியோ அலை வெளிப்படும். ஓர் அணு தானாக இப்படிப் புரளச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகும். அணுக்கள் கணக்கற்றவை என்பதால்தான் நமக்கு ஏதாவது எட்டுகிறது. வான் டெ ஹுல்ஸ்ட் 1944-இல் கணித்தார். ஈவெனும் பர்செலும் 1951-இல் பிடித்தார்கள்.

பிரபஞ்சம் விரிவதால் இந்த அலை வழியிலேயே நீண்டுவிடுகிறது. 800 மெகாஹெர்ட்ஸில் வந்து சேர்ந்தால் அது சுமார் 700 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. 400-இல் வந்தால் சுமார் 1,100 கோடி ஆண்டு. அதிர்வெண்ணைப் படித்தாலே தூரம் தெரிந்துவிடும். சைம் இயங்குவது இந்த 400–800 பட்டையில்தான்.

இங்கே தனித்தனி கேலக்ஸிகளைப் பார்க்க வேண்டியதில்லை. ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலியலைகள் பருப்பொருளில் விட்டுப்போன தடம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் வழியே சைம் அளக்க விரும்புவது அதைத்தான். இன்றைய அளவில் அது சுமார் 49 கோடி ஒளியாண்டு. வானத்தில் ஒன்றரை முதல் மூன்று டிகிரி வரை விரியும். அதிர்வெண் திசையில் தோராயமாக 15 முதல் 24 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டாவது எண்ணை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

[திரையில்: பால்வெளியின் ரேடியோ வரைபடம்]

ரேடியோ பிரகாசத்தை வெப்பநிலையாக, கெல்வினில் சொல்வது வழக்கம். ஹைட்ரஜன் சிக்னலின் அளவு ஒரு கெல்வினில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் பால்வெளியின் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சோ (காந்தப்புலத்தில் அதிவேகமாகச் சுழலும் எலக்ட்ரான்கள் வெளியிடுவது), வானம் அமைதியாக இருக்கும் பகுதிகளிலேயே சில கெல்வினுக்குக் குறையாது. கருவியின் சொந்த இரைச்சல் சுமார் 50 கெல்வின். இரைச்சல் பெரிய கவலை இல்லை. நாள்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது குறையும். பால்வெளி குறையாது, தினமும் அதே இடத்தில் அதே பிரகாசத்தோடு வரும்.

கைகொடுப்பது ஒரே ஒரு வேறுபாடு. சிங்க்ரோட்ரான் ஒளி அதிர்வெண்ணோடு வழுவழுப்பாக மாறும். ஹைட்ரஜன் ஏற்ற இறக்கத்தோடு வரும், ஏனென்றால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் வேறொரு தூரம். வழுவழுப்பானதைக் கழித்தால் மிச்சம் ஹைட்ரஜன். காகிதத்தில் இவ்வளவுதான்.

ஆனால் வழுவழுப்பாக வந்த ஒளியைக் கருவியே மேடுபள்ளமாக்கிவிடுகிறது. உண்மையான சண்டை இங்கேதான்.

[திரையில்: உருளையின் குறுக்குவெட்டு, குவியத்துக்கும் தரைக்கும் இடையே போய்வரும் அம்புக்குறி]

உருளையின் குவியம் அடியிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வரும் அலையில் ஒரு சிறு பகுதி திருப்பப்பட்டு, 5 மீட்டர் கீழே போய், மறுபடி 5 மீட்டர் மேலே வருகிறது. 10 மீட்டர் கூடுதல் பாதை, அதாவது 33 நானோ வினாடி தாமதம். முதலில் வந்த அலையோடு இது கலக்கும்போது, ஒவ்வொரு 30 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒருமுறை ஏறி இறங்கும் சிற்றலை உருவாகிறது. தேடும் தடமோ 15 முதல் 24. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். பால்வெளியின் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்தச் சிற்றலையில் ஏறினாலும் ஹைட்ரஜன் அதில் மூழ்கிவிடும்.

பீம், அதாவது தொலைநோக்கி ஒரு நேரத்தில் பார்க்கும் வானப் பகுதி, வேறொரு தொல்லை. 400-இல் பீம் 800-இல் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு அகலம். ஓரத்தில் நிற்கும் ஒரு பிரகாசமான மூலம் ஓர் அதிர்வெண்ணில் பீமுக்குள் இருக்கும், இன்னொன்றில் வெளியே. அது போலி ஏற்ற இறக்கமாகப் பதிவாகும். குவியத்தில் அலையைப் பிடிக்கும் ஃபீட் ஆன்டெனாக்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்பதால் ஒன்றின் சிக்னல் அடுத்ததில் கசிகிறது. முனைவாக்கப்பட்ட ஒளியின் (ஒரே திசையில் அதிரும் அலையின்) அதிர்வுத் திசை அலைநீளத்தோடு சுழல்வதால் அதன் கசிவும் வழுவழுப்பாக இராது.

[திரையில்: ஃபீடிலிருந்து கணினி வரை சிக்னல் போகும் பாதை]

உருளைக்கு 256 ஃபீட், ஒவ்வொன்றிலும் இரண்டு முனைவாக்கம். மொத்தம் 2,048 உள்ளீடுகள். குறைந்த இரைச்சல் பெருக்கி, சுமார் 50 மீட்டர் கோஆக்சியல் கேபிள், பிறகு வினாடிக்கு 80 கோடி மாதிரி எடுக்கும் 8 பிட் டிஜிட்டைசர். இந்த வேகத்தில் 400–800 பட்டை மடிந்துதான், அதாவது குறைந்த அதிர்வெண்ணாகத் தோன்றித்தான், பதிவாகும். அதனால் முன்னால் இருக்கும் வடிகட்டி பட்டைக்கு வெளியே உள்ளதைக் கறாராக வெட்ட வேண்டும். விட்டால் எல்லைக்கு அப்பால் உள்ள ஒளிபரப்பும் உள்ளே மடிந்துவிடும். மொத்தத் தரவு வினாடிக்கு 13 டெராபிட். அதை 1,024 சானல்களாகப் பிரித்து, ஜிபியுக்கள் ஒவ்வொரு சோடி உள்ளீட்டையும் பெருக்குகின்றன. சுமார் 21 லட்சம் சோடிகள்.

டிவி, எல்டிஇ கைபேசி அலைகள் விழுந்த சானல்களைத் தூக்கி எறிய வேண்டும். எறிந்தால் நிறமாலையில் ஓட்டை விழும். ஃபூரியர் மாற்றம் என்பது நிறமாலையின் ஏற்ற இறக்கங்களை வேகவாரியாகப் பிரிக்கும் கணக்கு: மெதுவானவை குறைந்த தாமதம், வேகமானவை அதிகத் தாமதம். ஓட்டையுள்ள நிறமாலையை அப்படியே ஃபூரியர் மாற்றம் செய்தால், பால்வெளியின் ஒளி எல்லாத் தாமதங்களிலும் சிதறும். அழுக்கை நீக்கியதே புது அழுக்காகிவிடுகிறது.

பெருக்கிகளும் கேபிள்களும் வெப்பநிலையோடு நகர்கின்றன. பெருக்கத்தை நிமிடத்துக்கு நிமிடம் 1 சதவீதத்துக்குள்ளும், பீமின் அகலத்தை 0.1 சதவீதத்துக்குள்ளும் அறிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. முதலாவதற்கு சிக்னஸ் ஏ, காசியோபியா ஏ போன்ற பிரகாசமான ரேடியோ மூலங்கள் தினமும் கடக்கும் நேரம் உதவுகிறது. பீம்தான் கடினம், ஏனென்றால் சைமைத் திருப்பி மூலத்தின் குறுக்கே ஓட்ட முடியாது. அதே வளாகத்தின் 26 மீட்டர் கால்ட் தொலைநோக்கி ஒரு மூலத்தையே பின்தொடரும். மூலம் சைமின் பீமைக் கடக்கும்போது இரண்டின் சிக்னலையும் ஒன்றோடொன்று பெருக்கினால் பீமின் வடிவம் வீச்சோடும் கட்டத்தோடும் (அலையின் முன்பின் நிலையோடும்) கிடைக்கும்.

[திரையில்: 2019 தரவின் அதிர்வெண் பட்டை, 585 முதல் 800 வரை]

2022-இல் வந்த முதல் முடிவு 2019-இன் 102 இரவுகளிலிருந்து. பகலில் சூரியன் பக்கப் பீம்களில் (முதன்மைப் பீமுக்கு வெளியே மங்கலாகப் பதிவாகும் திசைகளில்) நுழைவதால் இரவு மட்டும். ஏற்கெனவே இடம் தெரிந்த கேலக்ஸிகளையும் குவேசார்களையும் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களையும்) வைத்து, அந்த இடங்களின் ரேடியோ தரவை அடுக்கிப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கொடுத்த விலை: குறைந்த தாமதங்களை வடிகட்டி எறிந்ததில் பெரிய அளவுக் கட்டமைப்பும் கூடவே போய்விட்டது. 49 கோடி ஒளியாண்டுத் தடம் இருப்பதோ அந்தப் பகுதியில்தான். ஆகவே அது ஹைட்ரஜனைக் கண்ட முடிவு, தடத்தை அளந்த முடிவு அல்ல. பீம் மாதிரி துல்லியமானால்தான் வடிகட்டியைத் தளர்த்த முடியும்.

அதே வளாகத்தில் கட்டப்படும் கார்ட் (CHORD) தொலைநோக்கியின் வடிவமைப்பு இந்தப் பாடத்திலிருந்தே வருகிறது. 6 மீட்டர் அகலத்தில் 512 தட்டுகள், குவிய விகிதம் (அகலத்தோடு ஒப்பிட்ட குவியத் தூரம்) 0.21. ஆழமான தட்டு என்பதால் ஃபீட் விளிம்புக்குக் கீழேயே அமர்கிறது. பக்கத்துத் தட்டின் கசிவும் தரையின் வெப்ப ஒளியும் குறைவாகவே எட்டும். குவியம் சுமார் 1.26 மீட்டரில் இருப்பதால் திரும்பி வரும் அலையின் தாமதம் 8 நானோ வினாடிதான். சிற்றலை 120 மெகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை என்று நீண்டு, தேடும் தடத்தை விட்டு விலகிவிடுகிறது.