ஆபரா பார்க்கப் பத்து நிமிஷம் போதும்

வணக்கம் மக்களே! பாட்டாவே கதை சொல்ற மேடை நாடகமான ஆபரா பக்கம் போகணும்னு ஆசை, ஆனா அந்த இத்தாலியன் வார்த்தைங்களைக் கேட்டாலே பயமா இருக்கா? எனக்கும் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, எல்லாம் இத்தாலிக்காரங்க வீட்ல தினம் புழங்குற வார்த்தை. ஆபராவை அவங்க 'ஓபரா'ம்பாங்க, அப்படின்னா 'வேலை'. பாட்டும் வசனமும் எழுதின லிப்ரெட்டோன்னா 'குட்டிப் புத்தகம்'. ஆரியான்னா 'காத்து'!

மனப்பாடமெல்லாம் வேண்டாம். இசையமைப்பாளர் வெர்டியோட 'லா திராவியாத்தா'ங்கிற ஆபராவை எடுங்க. முதல் அங்கத்தோட கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் பாருங்க.

விருந்து முடிஞ்சு எல்லாரும் கிளம்பியாச்சு. வியோலெட்டா தனியா நிக்கிறா. பாரிஸ்ல பணக்காரங்க தயவுல வாழுற பொண்ணு, காசநோய் வேற. ஆல்ஃப்ரெதோன்னு ஒரு பையன் இப்பதான் காதலைச் சொல்லிட்டுப் போயிருக்கான். 'எ ஸ்த்ரானோ', அதாவது 'விசித்திரமா இருக்கே'ன்னு ஆரம்பிக்கிறா. பேச்சும் இல்ல, முழுப் பாட்டும் இல்ல. இதுதான் ரெசிததீவோ. போரடிக்குதுன்னு தண்ணி குடிக்கப் போயிடாதீங்க, கதை பெரும்பாலும் இதுலதான் நகரும்.

அப்படியே மெதுவான ஒரு மெட்டுக்குள்ள போறா. கதை நின்னுடுது, மனசு மட்டும் பாடுது. அது ஆரியா.

திடீர்னு உதறிக்கிறா. 'ஃபோலியே!' பைத்தியக்காரத்தனம்! வேகமெடுக்குது. இந்த வேகமான முடிவுப் பகுதிக்குப் பேரு கபலெத்தா. 'நான் எப்பவும் சுதந்திரமா இருப்பேன்'னு சொல்லிக்கிட்டே, ஒரே உயிரெழுத்தைப் பிடிச்சு மேலயும் கீழயும் உருட்டித் தள்ளுறா பாருங்க, அது கொலொராத்தூரா. குரல் வித்தை காட்டுறாங்கன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. நடுவுல வெளியே இருந்து ஆல்ஃப்ரெதோ குரல் கேட்குது. அவ ஒரு நொடி தடுமாறி, மறுபடி அதே வேகத்துல பாடுறா. அது பதற்றம்ங்க. தன் மனசுகிட்ட இருந்தே ஓடுறா.

அவ சோப்ரானோ, அதாவது உச்சமான பெண் குரல். அவன் டெனர், உச்சமான ஆண் குரல். அடுத்த அங்கத்துல இவங்களைப் பிரிக்க வர்ற ஆல்ஃப்ரெதோவோட அப்பா பாரிட்டோன், அதைவிடக் கொஞ்சம் கனமான ஆண் குரல். பாதி ஆபரா கதை இவ்ளோதான், சும்மா சொல்றேன்!

இன்னொண்ணு, இதெல்லாம் மைக் இல்லாம. பயிற்சி பெற்ற குரல்ல 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தனி வலு இருக்கும். ஆர்க்கெஸ்ட்ராவோட சத்தம் அந்த இடத்துல குறைச்சல். அந்தச் சந்துல குரல் நுழைஞ்சு வெளிய வந்துடுது.

இவ்ளோ நல்ல ஆபரா, 1853 மார்ச் 6ஆம் தேதி வெனிஸ்ல லா ஃபெனீச்சே அரங்கத்துல முதல் தடவை போட்டப்போ ஊத்திக்கிச்சு. நாயகி கொஞ்சம் பருமன். காசநோய்ல சாகுறாங்கன்னதும் ஜனம் சிரிச்சிருச்சு. அடுத்த வருஷம் சில மாற்றத்தோட அதே ஊர்ல வேற அரங்கத்துல போட்டாங்க, கொண்டாடிட்டாங்க.

கடைசியா, கைதட்டுறப்போ ஆணுக்கு 'பிராவோ', பெண்ணுக்கு 'பிராவா', எல்லாருக்கும் சேர்த்து 'பிராவி'. நான் முதல் தடவை போனப்போ, வியோலெட்டாவுக்குத் தொண்டை கிழிய 'பிராவோ'ன்னு கத்தினேன். முன் சீட்டுப் பாட்டி மெதுவா திரும்பி 'பிராவா'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு, மறுபடி கைதட்ட ஆரம்பிச்சிட்டாங்க. சரி மக்களே, வரட்டா?