ஏறி விழும் பழ ஈயும் சிவப்பு மருந்தும்

வணக்கம் நேயர்களே. கனிந்த வாழைக்குலையில் மொய்க்கிற பொடி ஈயைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பாகற்காயைத் துளைத்து எங்கள் தோட்டக்காரரை அழவைக்கிற பழ ஈ வேறு இனம். இது டுரோசோபிலா. இதற்கும் இதயம் உண்டு. முதுகோரம் ஓடும் ஒரு குழாய். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 75 வீதத்துக்கு இந்த ஈயில் இணை இருக்கிறது. அதனால்தான் புற்றுநோய்க்கு ஏற்றும் கீமோ மருந்தின் பக்கவிளைவை உடற்பயிற்சி எவ்வளவு தாங்கவைக்கும் என்று இதில் சோதிக்க முடிகிறது.

குப்பியைத் தட்டினால் கீழே விழுந்த ஈ உடனே சுவரில் ஏறும். அது பிறவிக் குணம். 'பவர் டவர்' என்ற பொறி குப்பிகளைத் தூக்கி, 15 விநாடிக்கு ஒருமுறை தொப்பென்று விடும். ஈக்கள் விழும், திரும்ப ஏறும். கிழமைக்கு 5 நாள். முதற் கிழமை நாளுக்கு 2 மணித்தியாலம், அடுத்த கிழமை இரண்டரை, மூன்றாவதில் 3. பயிற்சி இல்லாத ஈக்களையும் அதே பொறியில் ஏற்றவேண்டும். ஆனால் குப்பியின் அடைப்பை உணவுக்குக் கிட்டக் கீழே தள்ளிவிடுவார்கள், ஏற இடமிராது. குலுக்கல் இரு பக்கமும் ஒன்றுதான்.

சோதனையில் பிழை வருகிற இடம் பெரும்பாலும் சாப்பாடு. மருந்தை உணவில் கலந்துதான் கொடுப்பது. பயிற்சி செய்த ஈ குறைவாகத் தின்றால் மருந்தும் குறைவாகவே போகும். அதைப் பயிற்சியின் பலன் என்று எழுதிவிடலாம்! நீலச் சாயம் சேர்த்து, வயிற்றில் எவ்வளவு நிறம் ஏறியது என்று பார்ப்பது அதற்காகத்தான். உணவு இளகியிருந்தால் விழும் ஈ ஒட்டிச் சாகும். அறை 25 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும்; எங்கள் சித்திரை வெயிலுக்குத் திறந்த அறை சரிவராது.

இன்னொன்று, பெண் ஈக்கள் இதே பயிற்சியால் ஆண்களைப்போல் தேறுவதில்லை. ஒக்டோபமைன் என்ற நரம்புப் பொருளைக் கொடுத்தால் தேறுகின்றன. ஆண், பெண்ணைக் கலந்து எண்ணினால் முடிவு மங்கிவிடும்.

தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குப் போய்க் கீமோ ஏற்றுபவர்கள் 'சிவப்பு மருந்து' என்பது பலவேளை டொக்ஸோரூபிசின். ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், அது இரத்தமல்ல. இந்த மருந்து இதயத் தசையின் இழைமணிகளை, அதாவது கலங்களுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்புகளை, தாக்கும். பயிற்சி தசையில் இழைமணிகளைப் பெருக்கும். காரணத் தொடர்பு அவ்வளவுதான். அதற்காக நடை மனித இதயத்தைக் கட்டாயம் காக்கும் என்று சொல்ல மாட்டேன். களைப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்று நிறைய.

கிழமைக்கு 3 நாள், 30 நிமிட நடை, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம். 2 நாள் கதிரையில் இருந்து எழும்புவது போன்ற தசைப் பயிற்சி. கீமோ ஏற்றுபவர்களுக்கு இது பொதுவான அளவு. மருந்து ஏற்றிய முதல் நாட்களில் பத்து நிமிடமே போதும். தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள், எலும்பில் நோய் பரவியிருந்தால் கட்டாயம். வெயில் ஏறமுன் குளக்கட்டில் நடக்கலாம். பாதம் விறைத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது, சப்பாத்துப் போடுங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணு இரத்தத்தில் குறைந்த நாட்களில் வயற்சேற்றில் இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் பயம். நெஞ்சுநோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்துங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை பார்த்திருக்காமல் அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள்.