மொம்பாசா பாட்டி சொன்ன ‘ந்தோ’ தப்பே இல்லை!

வணக்கம் மக்களே! சமையலறை மாற்றிய வீடியோ நாளைக்கு. காலையில் நடந்ததை இப்போதே சொல்லியாக வேண்டும்.

இங்கே கென்யாவின் மொம்பாசாவில், ஜீசஸ் கோட்டை தாண்டி, பழைய நகரத்துச் சந்தில் நான் மஹம்ரி, அதாவது எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டி, வாங்கும் பாட்டியைத் தெரியும்தானே? இன்று தூரத்தில் என்னைப் பார்த்ததுமே கையை ஆட்டி, “ந்தோ! ந்தோ!” என்றார். ‘வா, வா’ என்று கூப்பிடுகிறார். ஒரு நொடிகூட யோசிக்காமல் போய் நின்றேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

காரணம் இருக்கிறது. போன மாதம் ஆன்லைன் ஸ்வாஹிலி மொழி வகுப்பில் இதே சொல்லை எழுதினேன். ஆசிரியர் சிவப்புக் கோடு போட்டு, “ந்தோ என்றால் வாளி. வா என்பதற்கு ஞ்ஜோ. இது தப்பு ஸ்வாஹிலி” என்றார். அந்தத் ‘தப்பு’ எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது கிம்வீட்டா, மக்களே. ம்வீட்டா என்பது மொம்பாசாவின் பழைய பெயர். இந்த ஊர் ஸ்வாஹிலி மக்களின் பேச்சு அது. பாடப்புத்தகத்து ‘ஞ்ஜியா’, அதாவது வழி, இங்கே ‘ந்தியா’. கண்கள் ‘மாச்சோ’ இல்லை, ‘மாத்தோ’. அந்த ‘த்’ அப்படியே நம் தகரம், நாக்கு பல்லைத் தொடும். மனிதனைச் சொல்லும் ‘ம்ட்டு’வில் நாக்கு பல்லுக்குச் சற்று மேலே போய்விடும். இரண்டையும் பாட்டி கலக்கவே மாட்டார். தமிழ்க் காதுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். 1928இல் ஆங்கிலேய ஆட்சியில் ஒரு மாநாடு கூடி, சான்சிபார் தீவின் நகரப் பேச்சைப் பொது ஸ்வாஹிலிக்கு அடிப்படையாக எடுத்தது. அது கூடிய இடம் எது? இதே மொம்பாசா! கூட்டம் நடந்த ஊரின் பேச்சை ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே முயாகா பின் ஹாஜி இந்தக் கிம்வீட்டாவில்தான் கவிதை பாடினார். அது எப்படித் தப்பாகும்?

சரி, பாட்டி ஏன் கூப்பிட்டார் என்று சொல்லவில்லையே! ஏலக்காய் மணக்கும் மஹம்ரி தீரப்போகிறது என்று எனக்காக நான்கு எடுத்து வைத்திருந்தார். ஒன்று 10 ஷில்லிங். தேங்காய்ப்பாலில் வெந்த துவரை, ம்பாஸி, ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவே இல்லை.

கிளம்பும்போது நான் கண்ணைத் தொட்டுக் காட்டி “மாத்தோ” என்றேன். பாட்டி சிரித்துவிட்டு, “நாளைக்கும் ந்தோ” என்கிற மாதிரி கையை ஆட்டினார்.