டிரினிட்டியின் கற்களும் காகிதங்களும்

அவைக்கு என் வணக்கம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி என்றதும் நியூட்டன் பெயரும் ராமானுஜன் பெயரும் தானாக நாவில் வந்துவிடுகின்றன. அந்தப் பெயர்களை நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் வாசலில் தொடங்கி, முற்றம் முற்றமாக உங்களை உள்ளே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்தக் கல்லூரியின் குணம் அதன் சுவர்களில் நன்றாகத் தெரிகிறது. பழையதை இடிக்க அதற்கு மனம் வராது. இடித்தே ஆக வேண்டுமென்றால் இன்னோர் இடத்தில் எடுத்துக் கட்டிவிடும்.

1546ஆம் ஆண்டு, தம் வாழ்வின் கடைசி மாதங்களில், எட்டாம் ஹென்றி மன்னர் இக்கல்லூரியை நிறுவினார். வெறும் நிலத்தில் எழுப்பவில்லை. கிங்ஸ் ஹால், மைக்கேல்ஹவுஸ் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரண்டு கல்லூரிகள் அங்கே இருந்தன. அவற்றை ஒன்றாக இணைத்துப் புதுப் பெயர் சூட்டினார். இன்றைக்கும் நாம் நுழைகிற பெருவாயில் கிங்ஸ் ஹாலுக்காகக் கட்டப்பட்டதுதான். ஆகவே வாசலுக்குக் கல்லூரியைவிட வயது அதிகம்.

அந்த வாயிலின் மேல் ஹென்றி மன்னரின் சிலை நிற்கிறது. அவர் கையை உற்றுப் பாருங்கள். செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலியின் கால் ஒன்று இருக்கும். எப்போதோ ஒரு மாணவர் செய்த குறும்பு அது. கல்லூரி அதை அகற்றாமல் அப்படியே விட்டுவிட்டது. நிறுவிய மன்னரின் கையில் மரக்கட்டையைப் பொறுத்துக்கொள்கிற ஒரு நிறுவனத்தை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாயிலுக்கு வலப்புறம் புல்வெளியில் ஓர் ஆப்பிள் மரம் உண்டு. நியூட்டனின் சொந்த ஊர் வீட்டுத் தோட்டத்து மரத்தின் வழிவந்தது அது. அதற்குப் பின்னால் முதல் மாடியில்தான் அவர் அறைகள் இருந்தன.

உள்ளே போனால் பெரிய முற்றம். 1593 முதல் 1615 வரை கல்லூரித் தலைவராக இருந்த தாமஸ் நெவில் உருவாக்கியது. அவர் பதவிக்கு வந்தபோது அங்கே கட்டடங்கள் ஒழுங்கின்றி நெருக்கியடித்துக் கிடந்தன. சிலவற்றை அகற்றி வெளியைத் திறந்தார். கிங்ஸ் ஹாலின் பழைய மணிக்கூண்டு வாயில் நடுவில் இடைஞ்சலாக நின்றது. அதை அங்கிருந்து எடுத்து, தேவாலயத்தின் மேற்கு முனையை ஒட்டித் திரும்பக் கட்டினார். அதற்கு அப்போதே நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது! புதிதாக ஒன்றை எழுப்பும் வசதி அவருக்கு இல்லாமல் இல்லை. முற்றத்தின் நான்கு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லாததற்கும் காரணம் இதுதான். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. மூலைகள் சரியான செங்கோணமாக இல்லை. அளவு பார்த்துக் கட்டிய முற்றங்களில் காணாத உயிர் இதில் இருக்கிறது.

நடுவில் ஒரு நீரூற்று. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாய் வழி, பிரான்சிஸ்கன் துறவிகள் பதினான்காம் நூற்றாண்டில் நகருக்கு மேற்கே இருந்த சுனையிலிருந்து அமைத்தது. துறவிகள் போனார்கள், அவர்கள் மடமும் போயிற்று. குழாய் வழியைக் கல்லூரி காப்பாற்றி வைத்துக்கொண்டது.

மணிக்கூண்டின் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இருமுறை அடிக்கும்: முதலில் தாழ்ந்த குரலில், பிறகு உயர்ந்த குரலில். நண்பகலில் ஆக 24 அடிகள். அவை முடிவதற்குள் முற்றத்தைச் சுற்றி ஓடி முடிக்க முயல்வது மாணவர்களின் வழக்கம். கால் வைக்கும் வழியைப் பொறுத்துச் சுற்று 340 முதல் 370 மீட்டர் வரை வரும். கிடைக்கும் நேரமோ ஏறத்தாழ 43 விநாடி. மூலைகளில் திரும்பவும் வேண்டும். 1927இல் டேவிட் பர்லி அதைச் செய்து காட்டினார்; மறு ஆண்டு ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர் அவர். ஓடலாம், ஆனால் புல்லை மிதிக்கக் கூடாது. புல்வெளியில் நடக்கும் உரிமை ஃபெலோக்கள் எனப்படும் கல்லூரியின் மூத்த உறுப்பினர்களுக்கே உண்டு.

உணவுக்கூடத்தைத் தாண்டினால் நெவில் முற்றம். இதை அவர் தம் சொந்தச் செலவில் கட்டித் தந்தார். இதன் வடக்குத் தாழ்வாரத்தில் நின்று ஓசை எழுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை ஊசலாட்டத்தோடு ஒப்பிட்டு ஒலியின் வேகத்தை அளந்தார் நியூட்டன். ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. நீண்ட தாழ்வாரம் ஒன்று போதுமானதாக இருந்தது. இதே தாழ்வாரங்களில் 1914ஆம் ஆண்டு, உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், காயம்பட்ட வீரர்களுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. அந்த ஏப்ரலில்தான் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்திருந்தார்.

முற்றத்தின் மேற்குப் பக்கத்தை முழுவதுமாக அடைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் நிற்கிறது நூலகம். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வரைந்தது. 1676இல் தொடங்கி 1695இல் முடிந்தது. இங்கே சற்று நேரம் நிற்க உங்கள் அனுமதியைக் கோருகிறேன், ஏனென்றால் இதைவிட அறிவார்ந்த கட்டடத்தை நான் அறியேன். வெளியிலிருந்து பார்த்தால் கீழே வளைவுகள், மேலே உயர்ந்த சாளரங்கள். நூலகத் தரை வளைவுகளின் உச்சிக்கு மேலே இருக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். ரென் வளைவுகளின் மேற்பாதியைக் கல்லால் அடைத்து, தரையை வளைவு தொடங்கும் மட்டத்துக்கு இறக்கிவிட்டார். அதனால் உள்ளே சாளரங்கள் தலைக்கு மேலே போய்விட்டன. அவற்றின் அடியில் சுவர் முழுக்கப் புத்தக அலமாரிகளுக்கு இடம் கிடைத்தது. படிப்பவர்மீது வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. வெளி அழகும் கெடவில்லை, உள்ளே வாசிப்பவருக்கும் குறையில்லை. கூரை விளிம்பில் நான்கு சிலைகள்: இறையியல், சட்டம், மருத்துவம், கணிதம். 1690களுக்கு முன்பே வடித்து, கணிதத்துக்கும் அங்கே ஓர் இடம் தந்திருக்கிறார்கள்.

இந்த நூலகத்தில் நியூட்டன் தம் கைப்படத் திருத்தங்கள் எழுதிய, இயக்கத்தையும் ஈர்ப்பையும் பற்றிய அவர் நூலான ‘பிரின்சிபியா’வின் முதற்பதிப்பு இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் கையெழுத்துச் சுவடி இருக்கிறது. ராமானுஜனின் தாள்களும் இங்கேதான் இருக்கின்றன. அவை வந்த கதையை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

1920 ஏப்ரலில், 32 வயதில், ராமானுஜன் மறைந்தார். கடைசி ஆண்டில் நோயோடு எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியிடம் சேர்ந்தன. ஹார்டியிடமிருந்து வாட்சன் என்ற கணித அறிஞரின் கைக்குப் போயின. 1965இல் வாட்சன் இறந்தபோது அவர் வீட்டு அறை முழுவதும் காகிதக் குவியல். எல்லாம் எரிக்கப்பட இருந்த நிலையில் கணித அறிஞர்கள் தலையிட்டு மீட்டார்கள். தாள்கள் டிரினிட்டிக்கு வந்து ஒரு பெட்டியில் அமர்ந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வாட்சனின் தாள்களைப் பார்க்க அங்கே போனார். பெட்டியைத் திறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 600க்கும் மேற்பட்ட முடிவுகள். நிறுவல்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்தக் கையெழுத்தையும், அதில் இருந்த, ‘மாக் தீட்டா’ எனப்படும் ராமானுஜனின் தனிவகைச் சார்புகளையும் அவர் உடனே இனங்கண்டார். அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் அது முடிந்தது. இன்னொருவர் திறந்திருந்தால் பெட்டி திரும்ப மூடப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல்லூரி காப்பாற்றித் தந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் அது என்னவென்று அறியாமலே வைத்திருந்தது. காப்பது வேறு, படிப்பது வேறு.

இனி ராமானுஜன் வாழ்ந்த இடத்துக்கு வாருங்கள். பெருவாயிலுக்கு எதிரே, தெருவைக் கடந்தால் ஹ்யூவெல் முற்றம். கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் ஹ்யூவெல் மாணவர் விடுதிக்காகத் தம் பணத்தில் கட்டியது. அங்கே ஓர் அறையில் ராமானுஜன் தாமே சமைத்துச் சாப்பிட்டார். ஒருமுறை, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அவரைப் பார்க்கப் போனபோது, இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாக ராமானுஜன் சொன்னார். மேல்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். கம்பளிகளோ கட்டிலில் மடித்துச் செருகியபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கல்லூரி வாழ்க்கை என்பது பாதிக்கு மேல் உணவுக்கூடத்தில்தான் நடக்கிறது. லத்தீனில் வாழ்த்துச் சொல்லி, நீண்ட மேசைகளில் கூடி உண்டு, எதிரில் இருப்பவரிடம் பேசித்தான் ஒருவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் ஆகிறார். சைவ உணவு ராமானுஜனை அந்த மேசையிலிருந்து விலக்கியே வைத்தது. இதற்கு அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடுப்படித் தனிமையை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

1917இல் ஃபெலோ பதவிக்கு அவர் பெயர் முன்வைக்கப்பட்டபோது கல்லூரி மறுத்தது. நிற வெறுப்பும் அதில் கலந்திருந்தது. 1918 மே மாதம் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அக்டோபரில் டிரினிட்டியும் தேர்ந்தெடுத்தது. அக்கல்லூரியின் முதல் இந்திய ஃபெலோ அவர். அடுத்தவராக வானியற்பியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1933இல் வந்தார். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனும் அங்கே ஃபெலோதான்.

பெண்களுக்கு இதைவிட நீண்ட காலம் ஆயிற்று. பட்டப்படிப்புக்குப் பெண்கள் சேர்ந்தது 1978இல்தான். 432 ஆண்டுகள்! இதைப் பெருமைகளுக்கு நடுவே மறைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை.

கல்லூரித் தலைவரை இன்றும் அரசரின் பெயரால் நியமிக்கிறார்கள். புதிய தலைவர் வரும் நாளில் பெருவாயில் சாத்தப்பட்டிருக்கும். அவர் கதவைத் தட்டி, நியமன ஓலையை வாயிற்காவலரிடம் நீட்ட வேண்டும். உள்ளே ஃபெலோக்கள் அதைச் சரிபார்த்த பிறகே கதவு திறக்கும். அரசர் அனுப்பியவரே ஆனாலும் கல்லூரி பார்த்துத்தான் ஏற்கும் என்பது அதன் பொருள். 2019இல் அப்படித் தட்டியவர் சாலி டேவிஸ். அக்கல்லூரியின் முதல் பெண் தலைவர். சடங்கில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்; தட்டிய கை யாருடையது என்பது மாறியது. பழைய சடங்குகளை ஏன் கட்டிக்காக்கிறார்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் தரும் விடை இதுதான்: அதே சடங்கை நேற்றுவரை வெளியே நிறுத்தப்பட்டவர் செய்யும்போது அதற்கு முன்பு இல்லாத எடை வந்துவிடுகிறது.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். ரென் நூலகத்தைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் எனக்குச் சலிக்காது. நன்றி.