பெரியம்மாவின் சொட்டு மருந்தும் முத்தையன்கட்டுத் துருசும்

(காட்சி: ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டு விறாந்தை. காலை வெயில். பெரியம்மாவின் கையில் பெருவிரல் அளவு மருந்துப் போத்தல்.)

“என்ன மோனை, ரண்டு வருசமா விடுறன். பார்வையில ஒரு முன்னேற்றத்தையும் காணேல்லை.”

வணக்கம். இப்போது பேசியது என் பெரியம்மா. வயது 68. அவருக்கு இருப்பது குளுக்கோமா. எங்கள் பக்கத்தில் ‘கண் பிறஷர்’ என்றால்தான் விளங்கும். அவர் சொன்னது சரிதான், இந்த மருந்தால் பார்வை தெளியப் போவதில்லை. மிச்சமிருக்கும் பார்வையைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இதை முதல் நாளே யாராவது அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தால், இடையில் நாலு மாதம் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார்.

(காட்சி: முத்தையன்கட்டுக் குளம். தண்ணீர் திறந்துவிடும் துருசு. வாய்க்காலில் ஓடும் தண்ணீர்.)

சரி, கண்ணுக்குள் என்ன பிறஷர்?

கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரக்கிறது. கண்ணீர் இல்லை, அது வெளியே ஓடுவது. இது உள்ளே ஓடி, ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழுதாக மாறிவிடும். வருகிற அளவுக்கு வெளியேறவும் வேண்டும். அதற்கான வழி, கண்ணின் கண்ணாடி போன்ற முன்பகுதியும் நிறமுள்ள வளையமும் சந்திக்கும் மூலையில், சல்லடை மாதிரி இருக்கிறது. அதுதான் கண்ணின் துருசு.

துருசு வாயில் சேறும் சல்வீனியாக் களையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் என்ன நடக்கும்? மட்டம் ஏறும். குளுக்கோமாவில் ஒரு வகை அப்படித்தான்: வருடக்கணக்கில், நோவில்லாமல். இன்னொரு வகையில் வாயில் ஒரு பலகை விழுந்த மாதிரி வழி சட்டென்று மூடும். கண் சிவந்து பொறுக்க முடியாத நோ, தலையிடி, சத்தி, பல்ப்பைச் சுற்றி வானவில் வளையம். வயிற்றுக்கோளாறு என்று நினைத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குளத்துக்காவது வான் இருக்கிறது, மட்டம் மிஞ்சினால் பாய்ந்து வடிந்துவிடும். கண்ணுக்கு வான் கிடையாது. அழுத்தம் முழுவதும் பின்னால் உள்ள பார்வை நரம்பில் போய் விழும். அந்த நரம்பில் சுமார் 12 இலட்சம் இழைகள். செத்த இழை திரும்ப முளைக்காது.

வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம். ஆனால் 16 இருந்தும் நரம்பு கெட்டவர்கள் உண்டு, 24 இருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. அதனால்தான் டொக்டர் நரம்பையும் பார்க்கிறார், பார்வைப் பரப்பையும் சோதிக்கிறார்.

(காட்சி: முற்றம். பெரியம்மாவின் காலடியில் கோழிகள்.)

பெரியம்மா வெள்ளெழுத்துக் கண்ணாடி எடுக்கப் போன இடத்தில்தான் இது பிடிபட்டது. அதற்கு முன் ஒரு வருடமாக அவருடைய முறைப்பாடெல்லாம் கோழிகளைப் பற்றித்தான். “இந்தக் கோழியள் இப்ப களவா வருதுகள்.” கோழி வந்த வழியில் வந்தது. அந்தப் பக்கத்துப் பார்வைதான் போயிருந்தது. போன இடம் கறுப்பாகத் தெரியும் என்று நினைப்போம். தெரியாது. ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுகட்டும், மிச்சத்தை மூளை தானாக நிரப்பிவிடும்.

பார்வைப் பரப்புச் சோதனைக்கு நாடியை ஊன்றி, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பெரியம்மா இதைச் சோதனை என்றதும் பெயிலாகிவிடுவோமோ என்று பயந்து, தெரியாததற்கும் அழுத்தித் தள்ளிவிட்டார். மெஷின் அதையும் கணக்கு வைக்கும். திரும்ப முதலில் இருந்து! நல்ல கண்ணுக்கே பாதியளவு வெளிச்சம் தெரியாதபடிதான் அந்த மெஷின் மங்கலாக்கிக்கொண்டு போகும். இது தெரிந்தால் பதற்றம் வராது.

அந்த நாலு மாதம்? அறுவடைக் காலம். விடியற்காலை பஸ் பிடித்து மாங்குளம் போய், அங்கிருந்து ஏ9 வீதியால் கிளினிக் போக ஒரு நாள் முழுதும் வேண்டும். மருந்தும் முடிந்தது, கண்ணும் நோகவில்லை. விட்டுவிட்டார். அடுத்த சோதனைத் தாளில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்புக் கட்டங்கள் கூடியிருந்தன.

(காட்சி: மருந்து விடுதல். மிக அருகில்.)

இப்போது விடும் முறையைப் பாருங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு துளி. கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும். பெரியம்மா மணிக்கூடு பார்ப்பதில்லை, ஒரு தேவாரம் படித்து முடிப்பார். இரண்டு வகை மருந்தென்றால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். டைமோலோல் தந்தால், தொய்வு இருப்பவர்கள் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். லட்டானோப்ரோஸ்ட் போத்தலைத் திறக்கும்வரை குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வெயிலில் அலுமாரித் தட்டு சரிவராது. வீட்டில் பிறிட்ஜ் இல்லையென்றால் கிளினிக்கில் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் ஒரு விஷயம். சூடடிக்கும்போது கண்ணில் பதர் விழும், சிவக்கும், பார்மசியில் ஒரு சொட்டு மருந்து வாங்குவோம். சிவப்பு உடனே போகும். பிறகு ஒவ்வொரு போகமும் அதே போத்தல். அதில் ஸ்டீரொய்ட் இருந்தால், சிலருக்கு அதுவே கண் பிறஷரைக் கூட்டும். டொக்டரின் துண்டு இல்லாமல் அதை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

யுத்த காலத்தில் கண்ணில் அடிபட்டவர்களும் ஒரு தடவை காட்டுவது நல்லது. பலத்த அடி அந்த மூலையைக் கிழித்திருந்தால், பிறஷர் பல வருடங்களுக்குப் பிறகும் ஏறலாம்.

(காட்சி: வரைபடம். சல்லடையில் லேசர் ஒளி.)

புதுசாக என்ன வந்திருக்கிறது? பெரிய மாற்றம் லேசர். இங்கிலாந்தில் 718 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குப் பதில் முதலிலேயே லேசர் செய்தவர்களில் 74 சதவீதத்தினர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே சமாளித்தார்கள். சில நிமிட வேலை. கிளினிக் தூரமான எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் எண்ணம். எல்லாக் கண்ணுக்கும் சரிவராது, ஆனாலும் “எனக்கு லேசர் செய்யலாமா?” என்று கேளுங்கள். வழி மூடும் வகைக்கு லேசரால் சின்ன ஓட்டை போடுவார்கள். சிலருக்கு உள்ளே உள்ள வில்லையை மாற்றினாலே இடம் கிடைத்துவிடும். 1968இல் இருந்து நடக்கும் வடிகால் சத்திரசிகிச்சை இன்றும் கைகொடுக்கிறது.

நரம்பைக் காப்பாற்றும் மருந்து? விற்றமின் பி3 எலிகளின் நரம்பைக் காத்ததாக 2017இல் ஒரு ஆய்வு வந்தது. மனிதரில் இன்னும் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம், அளவு மிஞ்சினால் ஈரலைப் பதம் பார்க்கும்.

(காட்சி: அதே விறாந்தை. இரண்டு கிளினிக் கொப்பிகள்.)

கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு கூட. பெரியம்மாவுக்குப் பிடிபட்டதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் கண் பிறஷர் 23. நரம்பு இன்னும் கெடவில்லை. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே திகதி, ஒரே பஸ்.

“அக்கா, அந்த லைட் சோதனையில கண்டபாட்டுக்கு அமத்தாதைங்கோ.”

“நீ முதல்ல உன்ர கண்ணைப் பார்.”